புதுசா என்ன வந்திருக்கு? - உலகம்மாள் டீச்சர் நினைவாக

தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஆனி மாதச் சாரல், குடை விரித்தும் பயனில்லாமல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் என்னைப் பார்த்து விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சார், ஒங்க பள்ளிக்கூடத்து உலகம்மா டீச்சர் விடியக்காலம் தவறிட்டாவளாம். மேலகரத்துல அவுக வீட்டு முன்னால ஒரே கூட்டம். ஒங்களுக்குச் சொல்லலியா?"

எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தேன். மஞ்சள் காமாலை முற்றி ஒரு மாதமாகப் படுத்திருந்தவர்கள்தான். எதிர்பார்க்காத செய்தி என்று சொல்ல முடியாது. ஆனாலும் மேலகரம் வந்ததும் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர்தான் தோளைத் தொட்டு இறக்கிவிட்டார்.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது நிதானம் வேண்டும் என்பார்கள். எனக்கு அது இப்போது கைகூடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. பள்ளியை நடத்திவரும் மேனேஜர், பூமாலை போட்ட அவர்கள் படத்துக்கு முன்னால் நின்று பேசினார். "உலகம்மாள் டீச்சர் நம் பிள்ளைகளுக்குப் பல வருஷம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பப் பழைய நிலைக்கு வர முடியாத மாறுதலே இரசாயன மாறுதல் என்று கற்றுக்கொடுத்தார்கள். மரணமும் அப்படிப்பட்ட மாறுதல்தான்" என்றார். வந்திருந்தவர்கள் உருக்கமாகத் தலையாட்டினார்கள்.

டீச்சர் தம் வாழ்நாளில் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அது தவறு என்று சொன்னதற்காகத்தான் அவர்களிடமிருந்து விஞ்ஞான வகுப்பைப் பிடுங்கினார்கள். பிடுங்கியவரே அந்த வாக்கியத்தை அவர்கள் படத்தின் முன்னால் சொல்கிறார். எழுந்து மறுத்துப் பேச அது இடமில்லை. அதனால் இதை எழுதுகிறேன். அவர்களை அறிந்தவர்களுக்கு நான் சொல்வதில் பாதி தெரியும். அறியாதவர்கள் மேனேஜர் சொன்னதை நம்பிவிடக் கூடாது.

நான் அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். தென்காசிக்காரன். மேலகரத்தில் எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு வரை உள்ள ஹையர் எலிமெண்டரி பள்ளி. ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம் டீச்சர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள். ஒல்லியான உருவம், உருவத்துக்குப் பொருந்தாத கனத்த குரல். சொந்த ஊர் குத்துக்கல்வலசை. மேலகரத்தில் தம்பி வீட்டில் தங்கியிருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "ஒங்களுக்கு வேற சோலி இல்லியா?" என்ற பதில்தான் கிடைத்தது.

என் ஏழாம் வகுப்புக்கும் அவர்களுடைய எட்டாம் வகுப்புக்கும் நடுவே ஓலைத் தட்டிதான் சுவர். நான் கரும்பலகையில் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏலே மூதி, புஸ்தகத்தப் பாக்காத, சட்டியப் பாரு!" என்று ஒரு சத்தம் எழும்பும். என் பிள்ளைகள் மொத்தமும் தட்டி இடுக்கில் கண்ணை வைத்துவிடுவார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் இடைவேளையில் போய்ச் சொன்னேன்.

"டீச்சர், சத்தம் கொஞ்சம் கொறஞ்சா என் கணக்கும் நடக்கும்."

"ஒங்க கணக்கு பேப்பர்ல இருக்கு சார். என் பாடம் சட்டியில கொதிக்குது. நான் என்ன செய்ய?" என்றார்கள்.

சட்டியில் உண்மையாகவே கொதித்துக்கொண்டிருந்தது. சுட்ட சுண்ணாம்புக் கட்டியில் தண்ணீர் விட்டு நீற்றிக்காட்டியிருந்தார்கள். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. சட்டி மட்டும் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளை எட்ட நிறுத்தி, கைப்படாமல் ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பௌதிக மாறுதல், இரசாயன மாறுதல் என்ற பாடம் எட்டாம் வகுப்பில் உண்டு. புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது பௌதிக மாறுதல், திரும்ப முடியாதது இரசாயன மாறுதல். நானும் என் சிறுவயதில் இதைத்தான் மனப்பாடம் செய்தேன். பனிக்கட்டி உருகித் தண்ணீர் ஆகிறது, மறுபடி உறையும்; ஆகவே பௌதிகம். விறகு எரிந்து சாம்பலாகிறது, சாம்பல் விறகாகாது, ஆகவே இரசாயனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

டீச்சர் வகுப்பில் ஒரு தாளை எடுத்து நாலாகக் கிழிப்பார்கள். "இதப் பழையபடி ஆக்கித் தாலே."

"ஒட்டித் தாரேன் டீச்சர்."

"ஒட்டுனா அது ஒட்டுன தாளு. பழைய தாள் எங்க? வராது. வராததுனால இது இரசாயன மாறுதலா? கிழிச்ச துண்டும் தாள்தான? புதுசா என்ன வந்திருக்கு?"

"ஒண்ணும் வரல டீச்சர்."

"அப்ப இது பௌதிக மாறுதல். இப்பம் சுண்ணாம்புக்கு வா."

கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் நீற்றின சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்த நீரை ஒரு கிளாஸில் எடுப்பார்கள். பப்பாளி இலைக் காம்பைக் குழாயாக்கி ஒரு பிள்ளையை ஊதச் சொல்வார்கள். தெளிந்த நீர் பால்போல வெளுக்கும். அடியில் வெள்ளையாகப் படியும். "இது என்ன தெரியுமாலே? கிளிஞ்சல் எதனால ஆனதோ அதேதான். சூளைக்குப் போனது சுத்திக்கிட்டுத் திரும்பி வந்துட்டு. திரும்பி வந்துட்டுங்கிறதுனால நடந்தது பௌதிக மாறுதலா? ஒவ்வொரு படியிலயும் புதுப் பொருள் வந்துதா இல்லியா? திரும்புமான்னு கேக்காத. புதுசா என்ன வந்திருக்குன்னு கேளு."

அன்று தட்டி இடுக்கில் என் பிள்ளைகளோடு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சீசன் காலத்தில் எட்டாம் வகுப்பைக் குற்றாலத்துக்கு நடத்திக்கொண்டு போவார்கள். நானும் துணைக்குப் போனதுண்டு. மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போகிற இடத்துக்கு இவர்கள் பாடம் நடத்தப் போவார்கள். பேரருவிக்கு எட்ட நின்றபோது ஒரு பையன், "டீச்சர், தண்ணி அங்கன விழுந்து பொகையாப் போகுதே, அது இரசாயனமா?" என்றான்.

"போயி அந்தப் பொகையில மூஞ்சியக் காட்டுலே."

போய்விட்டு நனைந்த முகத்தோடு வந்தான்.

"என்னத்தக் கண்ட?"

"தண்ணி டீச்சர்."

"பெறவு எங்கிட்ட ஏன் கேக்க?"

இதுதான் அவர்கள் பாடம் நடத்திய விதம். பிள்ளைகளை ஏசுவார்கள். ஆனால் கேள்வி கேட்டதற்காக ஏசியதில்லை.

ஜொகரா என்ற பிள்ளையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பள்ளிவாசலை ஒட்டிய எங்கள் தெருவில் தறி போட்டிருந்த மீரா மைதீன் மாமாவின் மகள். அந்தத் தெருவில் எட்டாம் வகுப்பு வரை வந்த முதல் பெண்பிள்ளை. அவளை மேலகரத்தில் சேர்த்ததற்குக் காரணமே, காலையில் என்னோடு பஸ்ஸில் வந்து மாலையில் என்னோடு திரும்பிவிடுவாள் என்பதுதான். அதிகம் பேசாதவள். ஒரு நாள் எழுந்து கேட்டாளாம்:

"வாப்பா நூலுக்குச் சாயம் போடுதாவ டீச்சர். எத்தன தண்ணியில அலசினாலும் போவமாட்டேங்கு. அது என்ன மாறுதல்?"

டீச்சர், "தெரியலட்டி" என்றார்கள். ஒரு வகுப்பு முழுவதும் கேட்க, தெரியவில்லை என்று சொன்ன ஆசிரியரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதோடு விட்டார்களா? மீரா மைதீன் மாமா சாயம் காய்ச்சும் இடத்துக்கே வந்து கையை முக்கிப் பார்த்தார்கள். பல நாள் விரல் நீலமாக இருந்தது. பாளையங்கோட்டைக்குப் போய்க் கல்லூரியில் இரசாயனம் நடத்தும் ஒருவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்தார்கள். வகுப்பில், "எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சிது. சில சாயம் நூலோட சேந்து வேற ஒண்ணா ஆயிருதாம். சில சாயம் சும்மா பிடிச்சிக்கிட்டு நிக்குதாம். எல்லா மாறுதலையும் ரெண்டு பெட்டியில போட்டுப் பூட்டிர முடியாது பிள்ளைகளா" என்றார்கள்.

ஜொகரா அன்று பஸ்ஸில் வரும்போது, "சார், நான் கேட்டதுக்காக டீச்சர் பாளையங்கோட்டை வரைக்கும் போயிருக்காவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பள்ளியைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். எட்டாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி, பௌதிக மாறுதல் என்றால் என்ன என்று கேட்டார். பையன், "புதுப் பொருள் உண்டாகாத மாறுதல்" என்றான்.

"தப்பு. புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?"

"புஸ்தகத்துல தப்பாப் போட்டிருக்குன்னு டீச்சர் சொல்லியிருக்காவ சார்" என்றான் அந்தப் பையன், நல்ல மனசோடுதான்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். டீச்சருக்குப் பதில் சொல்வதில் நயம் தெரியாது. மேஜையிலிருந்த வெற்றுத் தாள் ஒன்றை எடுத்துக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்கள். "இதப் பழையபடி ஆக்கித் தர முடியுமாய்யா? முடியாதுன்னா, ஒங்க கணக்குப்படி இது இரசாயன மாறுதல்."

"பிள்ளைகளுக்கு முன்னால் விதண்டாவாதம் வேண்டாம்" என்றார் அவர். கிழிந்த தாள் கையிலேயே இருந்தது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனார். அவருடைய குறிப்பில், பாடநூலை விட்டு விலகிச் செல்கிறார் என்று ஒரு வரி வந்தது. மேனேஜர் கூப்பிட்டு எச்சரித்தார்.

அன்று மாலை நானும் சண்டை போட்டேன்.

"ஒரு வரிக்காக ஏன் டீச்சர் இந்தப் பாடு? பிள்ளைகளுக்கு ரெண்டையும் சொல்லிக்கொடுங்க. நெஞ்சுக்கு ஒண்ணு, பரீட்சைக்கு ஒண்ணு."

"ஒரு வரி இல்ல சார். கண்ணால பாத்ததப் பிள்ள நம்பணுமா, அச்சுல போட்டத நம்பணுமா? அதுதான் பாடமே. பரீட்சைக்குன்னு ஒரு பொய்யச் சொல்லிக்கொடுத்தா, பெறவு நான் சொல்லுத எதத்தான் அதுக நம்பும்?"

அவர்கள் சொன்னது சரி. நான் சொன்னதும் நடக்கக்கூடியது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது ஜொகரா.

எட்டாம் வகுப்பு முடிவில் இ.எஸ்.எல்.சி. பொதுப் பரீட்சை. அந்த வருஷ விஞ்ஞானக் கேள்வித்தாளில் அந்தப் பாடத்திலிருந்து பெரிய கேள்வியே வந்தது. இரண்டு மாறுதல்களையும் வேறுபடுத்துக. சுண்ணாம்பு நீற்றுதல் எவ்வகை, ஏன்? எங்கள் பிள்ளைகள் எல்லாரும் டீச்சர் சொன்னபடி எழுதினார்கள். புதுப் பொருள் உண்டானதால் இரசாயனம் என்று எழுதினார்கள். ஜொகரா ஒரு படி மேலே போய், நீற்றின சுண்ணாம்பைக் கடுமையாகச் சுட்டால் மறுபடி சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், ஆனாலும் இது இரசாயன மாறுதலே என்றும் எழுதினாள். யார் திருத்தினார்களோ தெரியாது. மற்றப் பிள்ளைகள் எப்படியோ கரையேறினார்கள். ஜொகராவுக்கு எழுத்துப்பிழை அதிகம். மற்றக் கேள்விகளில் சுமாராகத்தான் எழுதியிருந்தாள். விஞ்ஞானத்தில் தோற்றுப்போனாள்.

மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்க, டீச்சர் திருநெல்வேலிக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். சம்பந்தப்பட்டவர் ஒருவர், "புத்தகத்துல உள்ளதுதாம்மா விடை. புத்தகம் தப்புன்னா புத்தகம் போட்டவங்களப் பாருங்க" என்றார். புத்தகம் போட்டவர்களுக்கு எழுதினால், பாடத்திட்டத்தில் உள்ளபடிதான் எழுதியிருக்கிறோம் என்று பதில். பாடத்திட்டம் யார் கையில் இருக்கிறதென்று கேட்டால் மறுபடி முதலில் பார்த்தவரிடமே போகச் சொன்னார்கள். யாரும் டீச்சர் சொல்வது தவறு என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவருக்கும் அது தம் வேலையாகத் தெரியவில்லை. தவறு என்று சொல்லியிருந்தால்கூட எதிர்த்துப் பேச ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

திரும்பி வந்த மறுநாள், "ஜொகரா வீட்டுக்குப் போவணும் சார், கூட வாங்க" என்றார்கள்.

பகல் வேளை. தெருவில் தறிச்சத்தம். மீரா மைதீன் மாமா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து பாய் விரித்தார். ஜொகராவின் உம்மா உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றார்கள். மாமா மரியாதை குறையாமல்தான் பேசினார்.

"ஒரு வெசயம் கேக்கணும் டீச்சர். புஸ்தகத்துல இருக்கத எழுதியிருந்தா எம் பிள்ள பாஸாயிருக்குமா?"

"ஆயிருக்கும்."

"அது ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"பெறவு ஏன் டீச்சர் அதச் சொல்லிக்கொடுக்கல?"

எதிராளி அதிகாரியாக இருந்தால் டீச்சருக்குப் பதில் இருந்திருக்கும். இங்கே பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள்.

"இன்னொரு தடவ எழுத வைங்க" என்றார்கள் கடைசியில். "இந்தத் தடவ புஸ்தகத்துல உள்ளதையே சொல்லிக்கொடுக்கேன்."

மாமா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு தடவதான்" என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் டீச்சர் அந்த வீட்டுக்கு வந்து பாடம் நடத்தினார்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்தினார்கள், படம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பாடத்தை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அதுவும் வந்தது. அன்று நானும் இருந்தேன்.

"எழுதிக்கோட்டி" என்றார்கள். ஜொகரா சிலேட்டைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். டீச்சர் என்னிடம் புத்தகத்தை நீட்டினார்கள்.

"நீங்க சொல்லுங்க சார். எனக்கு நாக்கு வரமாட்டேங்குது."

நான் வாசித்தேன். பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது பௌதிக மாறுதல். திரும்ப முடியாதது இரசாயன மாறுதல். ஜொகரா எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது தப்பில்லியா டீச்சர்?"

"தப்புதான்."

"தப்புன்னு தெரிஞ்சே எழுதவா?"

"எழுது. எழுதி பாஸாகு. பெறவு மறந்துரு." அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார்கள். குடையை அங்கேயே மறந்துவிட்டார்கள். நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஜொகரா பாஸானாள். நான் போய்ச் செய்தி சொன்னபோது, "பாஸாயிட்டாளா? சரி" என்றார்கள். "எப்பிடி எழுதினான்னு கேக்க மாட்டேன். எனக்குத் தெரியும்."

அந்தப் பாஸுக்காவது பலன் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று டீச்சர் மாமாவிடம் பேசிப் பார்த்தார்கள். அதற்குள் கடையநல்லூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். எட்டாவது பாஸான பெண் என்று பெருமையாகச் சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு டீச்சர் வந்தார்கள், பிரியாணி சாப்பிடுவதில்லை என்று எலுமிச்சைச் சர்பத் மட்டும் குடித்தார்கள், பிள்ளையின் தலையைத் தொட்டுவிட்டு எழுந்துபோனார்கள்.

அடுத்த ஜூன் மாதம் மேனேஜர் விஞ்ஞானத்தை அவர்களிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். டீச்சரை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார். பள்ளியின் பெயரைக் கெடுத்துவிட்டார்களாம். நான் முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "நீர் எடுக்கலேன்னா வெளியிலேருந்து ஆள் போடுவேன்" என்றார். டீச்சரே வந்து, "எடுத்துக்கிடுங்க சார். நீங்களாவது சட்டியக் கொதிக்க வைப்பீங்க" என்றார்கள்.

வைத்தேன். ஆனால் என் கையில் சுண்ணாம்பு ஒருநாளும் அவர்கள் கையில் கொதித்தது போலக் கொதிக்கவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பில் அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் அந்தக் கனத்த குரல் இங்கே கேட்கும். நல்ல விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டு, மீதி வருஷங்களை அப்படியே கழித்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பாடம் கேவலமென்று நான் சொல்லவில்லை. அவர்களும் அதை அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனால் தச்சனைக் கொல்லன் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, நன்றாகத்தானே செய்கிறான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள என்னால் முடியாது.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஒவ்வொரு வருஷமும் என் மேஜைக்கு வருவார்கள். "புதுப் புஸ்தகம் வந்துட்டா?" அந்தப் பக்கத்தை நேராகத் திருப்புவார்கள். ஒரு பார்வை. "அட்டதான் மாறியிருக்கு" என்று மூடிவைத்துவிட்டுப் போவார்கள்.

படுத்த பிறகு போய்ப் பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. தம்பி மனைவி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"இந்த வருசப் புஸ்தகம் பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்."

"அதே வரிதானா?"

"அதே வரிதான்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு, திரும்பாமலே, "வரி கெடக்கட்டும் சார். அந்தப் பிள்ளையப் பொய் எழுத வச்சேன் பாருங்க, அதுதான்" என்றார்கள். வேறு வழியில்லை என்று சொன்னேன். அதை அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அவர்களைப் பார்த்தது, கண்டக்டர் சொல்லி இறங்கி ஓடிய அந்தச் சாரல் காலையில்தான். வீட்டு வாசலில் வைக்கோல் போட்டிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள், இப்போது மீசை வைத்தவர்கள், ஈரத்தோடு தெருவில் நின்றார்கள். உச்சிவேளைக்குக் கடையநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கி, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வேகமாக வந்தாள். ஜொகரா. உள்ளே போய்க் கால்மாட்டில் வெகுநேரம் நின்றுவிட்டு வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் அருகில் வந்தாள்.

"டீச்சர் கடைசியா என்ன சொன்னாவ சார்?"

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். உன்னைப் பொய் எழுத வைத்தது அவர்களைக் கடைசிவரை அரித்தது என்றேன்.

ஜொகரா குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"நான் அத எழுதலியே சார்."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாந்தடவையும் அந்தக் கேள்வி வந்துது. டீச்சர் முதல்ல சொல்லிக்கொடுத்தாவள்லா, புதுப் பொருள் வந்தா இரசாயனம்னு, அதத்தான் எழுதுனேன். அதுக்கு மார்க் போட மாட்டாவன்னு தெரியும். அதனால மத்த பாடம் அவ்வளவையும் உருப்போட்டுட்டுப் போனேன். அந்த ஒரு கேள்வி போனாலும் பாஸாயிரணும்னு."

"டீச்சர்ட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் நெனச்சேன். கல்யாணத்தன்னிக்குக்கூட வாய்வரைக்கும் வந்துது. ஏன்ட்டி என் பேச்சக் கேக்கலன்னு ஏசுவாவளோன்னு பயந்துட்டேன். பெறவு பிள்ள குட்டின்னு வரவே முடியல. இவ்வளவு நாளும் அத மனசுல வச்சிக்கிட்டா இருந்தாவ?"

எனக்கு வந்த கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது? வாசலில் வைத்தே அழுதுவிட்ட இந்தப் பெண்ணின் பக்கமா? கேட்கமாட்டேன், எனக்குத் தெரியும் என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திக்கொண்ட அந்தப் பிடிவாதக்காரரின் பக்கமா? ஒருவர் கேட்டிருந்தால் போதும். மற்றவர் சொல்லியிருந்தாலும் போதும். அத்தனை வருஷமும் அந்த மனுஷி சுமந்தது நடக்காத ஒன்றை.

சாயங்காலத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். சிற்றாற்றங்கரை வரை போனேன். சாரலில் விறகு நனைந்துபோய்ப் பிடிக்க மறுத்தது. சீமெண்ணெய் விட்டு, ஓலையைத் திணித்து, மூன்று பேர் குடை பிடித்து நின்று, ஒருவழியாகப் பற்றவைத்தார்கள். தம்பி கொள்ளி வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினார். ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நான் எங்கள் வழக்கப்படி ஒரு துஆ ஓதினேன். பிறகு, கேட்க யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, வாய்விட்டே சொன்னேன்.

"டீச்சர், அந்தப் பிள்ள பொய் எழுதல. நீங்க சொன்னதத்தான் எழுதுச்சு. ரெண்டு தடவையும். போயிட்டு வாங்க."